நேரம்–தூரம் கணக்கில் நிமிடத்தை மணியாக மாற்றாவிட்டால் எங்கே தப்பும்?

கேட்ட கணக்கு இது: காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஒரு சைக்கிள் கிளம்புகிறது. 20 நிமிடம் கழித்து அதே வழியில் 45 கி.மீ. வேகத்தில் பஸ். எங்கே எட்டிப்பிடிக்கும்?

சைக்கிள் ஓடிய நேரம் ‘நே’. 15நே = 45(நே − 20) என்று போட்டால் நே = 30. நிமிடமாகப் பார்த்தால் இது சரிதான்; இரண்டு வேகமும் ஒரே அலகு என்பதால் அடிபட்டுப் போகிறது. ஆபத்தே அதில்தான். அடுத்த வரியில் 15 × 30 = 450 கி.மீ. என்று வந்து நிற்கும். தேவகோட்டையே சுமார் 18 கி.மீ.தான்!

எனவே சமன்பாடு எழுதும் முன்பே 20/60 = 1/3 மணி என மாற்றிவிடுங்கள். 15நே = 45(நே − 1/3), அதாவது 30நே = 15, நே = 1/2 மணி. தூரம் 7.5 கி.மீ. இடையில் 1/3-ஐ 0.33 ஆக்காதீர்கள், விடை நழுவும்.

பஸ் ஓடியது 10 நிமிடம், அதாவது 1/6 மணி: 45 × 1/6 = 7.5. ஒத்துப்போகிறது.