வாய் திறந்தால் ஒரு காய் ஃபைன்

(விளையாட்டு: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்க அறையில் இரண்டு கேரம் போர்டு போட்டிருக்கிறோம். பையன்கள் தினமும் வருகிறார்கள். பெண் பிள்ளைகள் இரண்டு நாள் வந்து நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் இல்லையா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

அந்த முடிவுக்குப் போகுமுன் ஒரு மாலை போர்டைச் சுற்றி நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், எட்டுப் பேர் முதுகுக்குப் பின்னால் நின்று "அதை அடி, இதை அடி" என்பார்கள். புதிதாக வந்தவளின் ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்ததும் சிரிப்பு. அடுத்து, "நகரு, நான் அடிச்சுத் தர்றேன்." அவள் மறுநாள் வராததில் என்ன ஆச்சரியம்?

பையன்களுக்குத் தெருமுனை போர்டில் பல வருடக் கைப்பழக்கம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த மணிநேரங்கள் கிடைத்ததில்லை. அதனால் முதல் நாலு வாரம் ஒரு போர்டை, சாயங்காலம் 4 முதல் 6 வரை, கற்றுக்கொள்பவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். தனியாக ஒருத்தியை அழைக்காமல் இரண்டு மூன்று பேராக வரச் சொல்லுங்கள். பிறகு கலந்து ஆடட்டும். நிரந்தரமாகப் பிரித்து வைத்தால் நல்ல ஆட்டக்காரர்களோடு மோதும் வாய்ப்பே கிடைக்காமல் போய்விடும்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஒரு விதி வையுங்கள்: நின்று பார்ப்பவர் யோசனை சொன்னால், தன் முறை வந்து உட்காரும்போது ஒரு காய் ஃபைனோடு தொடங்க வேண்டும். அவர் போடும் முதல் காய் நடுவுக்குத் திரும்பிவிடும். இரண்டே நாளில் அறை அமைதியாகிவிடும்.

அடுத்தது உட்காரும் விதம். போர்டைத் தரையில் போட்டால், பாவாடையோ சுடிதாரோ அணிந்தவர்கள் குனிந்து ஆடத் தயங்குவார்கள். ஸ்டாண்டில் வையுங்கள்: உயரம் 63 முதல் 70 செ.மீ., ஸ்டூல் 40 முதல் 50 செ.மீ. ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம் என்பதால் பத்து வயதுப் பிள்ளைக்குக் கை எட்டாது. ஸ்டூலில் ஒரு தலையணை போடுங்கள்.

பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். பரப்பு வழுக்கினால் ஸ்ட்ரைக்கர் கட்டுக்கு அடங்காமல் ஓடி, புதியவர்களுக்கு ஃபவுலாகவே விழும். ஒரு சிட்டிகை போதும். அது போரிக் பவுடர் என்றால் கண்ணில் படக் கூடாது, கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக் கூடாது.

முதல் நாளே பிரேக் (நடுவில் அடுக்கிய காய்களைக் கலைக்கும் முதல் அடி) அடிக்கச் சொல்ல வேண்டாம். பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஐந்து காய் வைத்து நேராக அடிக்கட்டும். அது படிந்த பிறகு கட் (காயின் ஓரத்தில் பட அடிப்பது), அதன் பிறகு கட்டை விரலால் தன் கோட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் காய். "கட்டை விரல் கூடாது" என்று யாராவது சொல்வார்கள். சர்வதேச விதியில் தாராளமாக உண்டு.

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு (சுற்று), ரெட்டுக்கு (சிவப்புக் காய்) 3 புள்ளி, அதுவும் ஆடுபவர் 21 புள்ளியைத் தாண்டாத வரைதான், ரெட் விழுந்தால் ஃபாலோ (தொடர்ந்து தன் காய் ஒன்று) போட்டே ஆக வேண்டும். தெருவுக்குத் தெரு கணக்கு மாறுகிற ஆட்டம் இது. எழுதி வைக்காத விதி புதிதாக வருபவர் தலையில்தான் விடியும்.

கேள்வி: என் மகள் சீட்டு கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். மாமியார் "சூதாட்டம்" என்கிறார்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பணம் வைத்தால்தான் சூது. மாமியாரையே கூட்டாளியாக உட்கார வைத்து 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் செல்வாக்கான ஆட்டம். 7 முதல் ஆஸ் வரை 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே கூட்டாளிகள். முதலில் ஆளுக்கு 4 சீட்டு. அதை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்டு (எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறி), துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்த பின் மீதி 4. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10. ராஜாவுக்கு 3, ராணிக்கு வெறும் 2! ஒரு ஜாதிக்கு (ஒரே சின்னமுள்ள சீட்டுகள்) 76, நாலுக்கும் சேர்த்து 304. ஆஸ்தான் பெரிது என்று நம்பி ஒன்பதிடம் பறிகொடுப்பது எல்லோரும் செய்கிற முதல் தப்பு.

கேள்வி: கேரம் போட்டியில் பெண்களுக்கு ஆறுதல் பரிசு வைக்கலாமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

வேண்டாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். உங்கள் பக்கத்து ஊர்க்காரர். பெண்கள் ஒற்றையர் பிரிவு தனியாக வையுங்கள், ஆண்களுக்குத் தரும் அதே தொகையைக் கொடுங்கள். கலப்பு இரட்டையர் இருந்தால் ஜோடியைக் குலுக்கிப் போடுங்கள்.