உண்டியலில் போட்டால் தீருமா?

வாசகர் கேள்வி–பதில்: மனமாற்றமும் ஒப்புரவும்

கேள்வி: பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு) போகும்போது எனக்கு அழுகையே வருவதில்லை. என் மனஸ்தாபம் (பாவத்துக்கான மனவருத்தம்) உண்மையானதுதானா?

பதில்: கண்ணீரை வைத்து அளக்காதீர்கள். ‘மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்’ என்று இயேசு சொன்ன இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்குச் சிந்தையை மாற்றுதல் என்று பொருள். எபிரேய இறைவாக்கினர் சொன்னது ‘திரும்பி வா’ என்பது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், அதற்காக வாங்கிய 30 வெள்ளிக் காசுகளைத் திருப்பியும் கொடுத்தான், ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு திரும்பினார். செய்தது தவறு, இனி வேண்டாம் என்று மனம் உறுதியாக வெறுத்தால் அதுவே மனஸ்தாபம். கடவுள்மேல் உள்ள அன்பால் வருவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சி வருவதும் கடவுளின் கொடையே, ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெற அதுவும் ஏற்றதே என்று 1551-இல் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கற்பித்தது.

கேள்வி: முன்பு வேலை பார்த்த கடையின் கல்லாவிலிருந்து 4,000 ரூபாய் எடுத்திருக்கிறேன். குருவிடம் சொல்லிவிட்டேன். பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்தப் பணம் இன்னும் கடைக்காரருடையது. பழைய ஏற்பாட்டின் எண்ணிக்கை நூல் 5-ஆம் அதிகாரம் வரிசையையே தருகிறது: குற்றத்தை அறிக்கையிட்டு, எடுத்த தொகையை முழுதாகக் கொடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். பெற்றுக்கொள்ள உறவினர்கூட இல்லாதபோதுதான் அது ஆண்டவருக்கென்று குருவிடம் போகும். அந்தக் கணக்கில் உங்களுக்கு 4,800 வரும். கூடுதல் பங்கு இன்று நமக்குச் சட்டமில்லை. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவர் சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னதும் தானாக முன்வந்துதான். எடுத்த தொகை மட்டும் கட்டாயம்.

பெயர் சொல்லியாக வேண்டும் என்றில்லை. உறையில் வைத்து ‘உங்களுக்குச் சேர வேண்டியது’ என்று எழுதி, நம்பகமான ஒருவர் கையில் கொடுத்தனுப்பலாம். பங்குச் சாமியாரிடம் உதவி கேட்கலாம். முதலாளி இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு. தேடியும் யாரும் அகப்படாவிட்டால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாதா? மாதம் 500 என்று வைத்தால் எட்டு மாதத்தில் முடியும். ‘கையில் வரட்டும்’ என்று தள்ளிப்போடும்போதுதான் பலருக்கும் இது நின்றுபோகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அன்று கல்லாவில் பணம் குறைந்ததற்கு வேறு யார்மேலாவது பழி விழுந்ததா? விழுந்திருந்தால் வெறும் உறை போதாது. ‘அன்று சந்தேகப்பட்ட பையன் எடுக்கவில்லை’ என்ற ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். அவனுக்கு வேலையே போயிருந்தால் அந்த இழப்பும் உங்கள் கணக்கில்தான் சேரும். இதைக் குருவிடம் தனியாகப் பேசி முடிவெடுங்கள். கடினம்தான், ஆனால் பணத்தைவிட இது பெரிய கடன்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் அதே குடியைத்தான் சொல்கிறேன். இது போலி மனஸ்தாபமா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இனி விடவேண்டும் என்ற மனது அந்த நேரத்தில் உண்மையாக இருந்தால் பிரதிக்கினை (பாவத்தை விடும் உறுதி) உண்மையே. ‘இனி நல்லவனாக இருப்பேன்’ என்று பொதுவாகச் சொல்வதில்தான் ஓட்டை. எந்த நாள், எந்தக் கடை, யாரோடு என்று பாருங்கள். சம்பளத்தன்று என்றால், பணத்தை முதலில் வீட்டில் கொடுத்துவிட்டு வேறு வழியாக வாருங்கள். குடிக்காத நாளில் கை நடுங்கினால் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்துவது உடலுக்கு ஆபத்து.

கேள்வி: ஒரு பாவத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பப் போக வேண்டுமா?

பதில்: ஓடிப்போக வேண்டாம். மறந்ததும் மன்னிக்கப்பட்டது, கனமான பாவமாக இருந்தால் அடுத்த முறை சொல்லுங்கள், நற்கருணையும் வாங்கலாம். வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைத்திருந்தால் கதை வேறு: அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. மறைத்ததையும், அன்று சொன்ன மற்றக் கனமான பாவங்களையும் சேர்த்து மறுபடி சொல்ல வேண்டும். தெரிந்த சாமியாரிடம் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போங்கள்.