காசிப் படித்துறைகளின் வயது

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் அப்பா அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போகிறேன். அங்குள்ள படித்துறைகள் யுகயுகமாக இருப்பவை என்பது அம்மாவின் நம்பிக்கை. என் நண்பரோ, பெரும்பாலான படிகள் மராட்டியர் காலத்தவை, முந்நூறு வருஷம்கூட ஆகவில்லை என்கிறார். அப்படியானால் புராணம் சொல்வதெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்ததுதானா? அம்மாவிடம் இதைச் சொல்லலாமா?

கே., விருதுநகர்

அன்புள்ள கே.,

நண்பரின் காலக்கணக்கு சரிதான். அதை வைத்து நீங்கள் எழுப்பும் சந்தேகத்துக்குத்தான் அடிப்படை இல்லை.

கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஊர் மேற்குக் கரையின் மேட்டில் இருக்கிறது. எதிர்க்கரை வெறும் மணல்வெளி. மேட்டிலிருந்து இறங்கிக் கிழக்கே பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே எழும். ஸ்நானத்துக்கும் அர்க்கியத்துக்கும் இதைவிடத் தோதான கரை எது? கல் பாவுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஜனங்கள் இங்கே இறங்கிக் குளித்திருக்கிறார்கள். அந்நாளில் காசியை ஆண்ட ககடவால மன்னர்கள் ஆதிகேசவர் துறையில் நீராடி நிலதானம் செய்ததை 11, 12ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகள் சொல்கின்றன.

புராணத்துக்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. ஸ்காந்த புராணத்தின் காசி காண்டத்தை அதிவீரராம பாண்டியர் தென்காசியில் இருந்துகொண்டு 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பாடிவிட்டார். மராட்டியர் கல் வருவதற்குச் சுமார் இருநூறு வருஷம் முன்பு! விஷ்ணு சக்கரத்தால் தோண்டிய குளம், அதில் சிவனின் காதணி விழுந்து மணிகர்ணிகை என்று பெயர் வந்தது, அங்கே உயிர் விடுபவரின் காதில் சிவனே தாரக மந்திரம் ஓதுவது எல்லாமே கல்படிக்கு மூத்த நம்பிக்கைகள்.

சரி, கல் எப்படி வந்தது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 18ஆம் நூற்றாண்டில் பேஷ்வாக்கள், ஹோல்கர், சிந்தியா, போன்ஸ்லே என்று மராட்டியர்கள் வரிசையாக வந்து கட்டினார்கள். அகல்யாபாய் ஹோல்கர் ஆண்டது மாளவத்தை. காசி அவர் ஆட்சிக்கு உட்பட்ட ஊரே இல்லை. ஆனாலும் விசுவநாதர் கோயிலை எழுப்பினார், மணிகர்ணிகைப் படித்துறையைச் சீர்செய்தார். குவாலியரின் சிந்தியா வம்ச அரசி பைஜாபாய் 1830இல் கட்டிய சிந்தியா கட்டம் (கட்டம் என்றால் அங்கே படித்துறை) தன் பாரம் தாங்காமல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் மறுபடி கட்டினார்கள். வருஷாவருஷம் வெள்ளம் படிகளை மூழ்கடித்து, வடியும்போது ஆள் உயரத்துக்கு வண்டலை விட்டுப்போகிறது. பம்பு வைத்து அதைக் கழுவித் தள்ளுகிறார்கள். இப்படி விடாமல் பராமரிக்க வேண்டிய இடத்தில் கல் பழையதாக இருக்க முடியாது. இத்தனை பேர் பணத்தையும் உழைப்பையும் கொண்டுவந்து கொட்டியதே அந்தத் துறையின் பெருமைக்குச் சான்று என்பது என் துணிபு.

நம்மவர்களும் விலகி நிற்கவில்லை. கேதார கட்டத்தில் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இருக்கிறது. 1898இல் காசிக்குப் போன பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அனுமன் கட்டத்தில்.

தசாசுவமேதப் படித்துறையில் தினமும் மாலை நடக்கும் பெரிய ஆரத்தியை மட்டும் ஆதிகாலத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைய வடிவில் அது 1990களில் தொடங்கியது. அதற்காகப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

அம்மாவிடம் தாராளமாக எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்குப் படிகள் செங்குத்து, முழங்கால் படுத்திவிடும். விடியற்காலையில் படகு பேசிக்கொள்ளுங்கள். ஐந்து துறைகளுக்கும் போகும் பஞ்சதீர்த்த யாத்திரையின் முறைப்படி அசி, தசாசுவமேதம், ஆதிகேசவர், பஞ்சகங்கா, கடைசியில் மணிகர்ணிகை. ஆதிகேசவர் தள்ளி இருப்பதால் படகுக்காரர் தவிர்க்கப் பார்ப்பார். ஏறும்போதே அதையும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள்.