நூறு தலைநகரம் தெரியும், கேரளா எங்கே என்று தெரியாது

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, மகளுக்குப் பதினொன்று. மகன் ஒரு செயலியைப் பார்த்துப் பார்த்து, எந்த நாட்டைச் சொன்னாலும் தலைநகரத்தைச் சொல்கிறான், கொடியையும் காட்டுகிறான். போன வாரம் மூணாறு போகலாம் என்றதும், "அதுக்குப் பாஸ்போர்ட் வேணுமா?" என்று கேட்டான். மகளோ, "கலெக்டருக்கு நாம எப்ப ஓட்டுப் போட்டோம்?" என்கிறாள். இந்தக் கோடை விடுமுறையில் உலகப் புவியியலையும் நம் நாட்டு அரசு அமைப்பையும் அடிப்படையாகவாவது சொல்லிக்கொடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? மாதக் கட்டணம் கட்டி ஆன்லைன் பொது அறிவு வகுப்பில் சேர்த்துவிடலாமா?
வாசகி, மதுரை

பதில்: உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் சரியான இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். மகனுக்குப் பெயர்கள் தெரிகின்றன. எதற்குள் எது என்பது தெரியவில்லை. தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு, கண்டம் என்ற அடுக்கு மனதில் விழாத பிள்ளைக்குக் கேரளாவும் கென்யாவும் ஒன்றுதான். மகளுக்கு, மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கும் அரசு நியமித்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. பெரியவர்களிலேயே பலருக்கு அது குழப்பம்தான்.

ஆகவே பட்டியல்களை ஓரமாக வையுங்கள். வரைபடத்தைப் பார்க்கும்போது "எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எதற்குள் இருக்கிறது?" என்று கேட்கட்டும். அரசைப் பற்றிப் பேசும்போது "இது யார் வேலை, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்?" என்று கேட்கட்டும். இந்தக் கேள்விகள் பழகிவிட்டால் பெயர்கள் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

மதுரையில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாகத் தெருக்கள்; ஒவ்வொன்றும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று திசையோடு. இப்படி ஒரு திசைப் பாடம் வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காது. ஒரு காலை நேரம் கிழக்குக் கோபுரத்தில் தொடங்கிச் சித்திரை வீதிகளைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, நடந்த வழியைத் தாளில் வரையச் சொல்லுங்கள். மேலச் சித்திரை வீதியைப் பையன் தாளின் மேல்பக்கம் வரைவான். விடுங்கள், வரையட்டும். பிறகு காலை வெயில் எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டால் அவனே இடது பக்கத்துக்கு மாற்றுவான். வரைபடத்தில் வடக்கு மேலே வரும் என்பது வெறும் வழக்கம்தான் என்பது அன்றைக்கே புரிந்துவிடும்.

அடுத்தது தூரம். மதுரைக்கு நேர்கோட்டில் பக்கத்தில் இருப்பது சென்னையா, கொழும்பா? வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். அப்பா உட்பட எல்லாரும் சென்னை என்பார்கள். அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்தால் சென்னை ஏறத்தாழ 420 கிலோமீட்டர், கொழும்பு ஏறத்தாழ 380. நாட்டு எல்லை வேறு, தூரம் வேறு என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. பாஸ்போர்ட் எதற்குத் தேவை என்பதற்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடும்: பக்கத்தில் இருக்கும் கொழும்புக்கு வேண்டும், அதைவிடத் தொலைவில் இருக்கும் சென்னைக்கு வேண்டாம்.

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் ஒரு பொய் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள இடங்கள் ஊதிப்போகும். பரவலாகப் புழங்கும் மெர்கேட்டர் வகைப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்காவுக்குள் பதினான்கு கிரீன்லாந்து அடங்கும். இந்தியாவே கிரீன்லாந்தைப்போல் ஒன்றரை மடங்கு பெரியது. அதனால்தான் வீட்டில் ஒரு குளோப் இருக்க வேண்டும் என்கிறேன். அதில் தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் வட துருவத்துக்குப் பக்கமாகப் போகும். சுவர்ப் படத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நம்பவே முடியாத வழி.

பூமி சுற்றுவதையும் நேர வித்தியாசத்தையும் கிரிக்கெட்டுக்கு விட்டுவிடலாம். டிசம்பர் 26 அன்று தொடங்கும் மெல்போர்ன் டெஸ்ட் நமக்கு விடிகாலை 5 மணிக்கு வரும். லார்ட்ஸ் டெஸ்ட் மாலை மூன்றரைக்கு. மேற்கிந்தியத் தீவுகளில் காலையில் தொடங்கும் டெஸ்ட் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில். கிழக்கே உள்ள ஊரில் முதலில் விடிகிறது என்பதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. டிசம்பர் மாதத்தில் மெல்போர்ன் பார்வையாளர்கள் ஏன் தொப்பியும் கண்ணாடியுமாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்; பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ் என்பது அங்கே வந்துவிடும்.

மகளுக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கொடுக்கலாம். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே உள்ள எல்லா ஊருக்கும் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். மதுரைக்கு அது சித்திரை பிறந்த ஓரிரு நாளில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறை. மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் பகல் 12 மணி 17 நிமிட வாக்கில் நிழல் பாத்திரத்துக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் இது நடக்கும். தில்லியில் நடக்கவே நடக்காது. சித்திரை தவறியிருந்தால் ஆகஸ்ட் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கே ஏன் இல்லை என்று கேட்பாள். நம் கடிகாரம் காக்கிநாடா பக்கமாகப் போகும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. மதுரை அதற்கு மேற்கே நான்கு பாகைக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கணக்கை அவளே போடட்டும்.

உலக நாடுகளுக்குச் சமையலறை போதும். சாம்பாரில் போடும் பெருங்காயத்தின் பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. துவரம் பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக், மியான்மர் நாடுகளிலிருந்து. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்து அது வந்த வழியைக் குளோப்பில் விரலால் போகச் சொல்லுங்கள். எந்தக் கடல், எந்தத் துறைமுகம் என்று வரும்போது மொசாம்பிக்கின் தலைநகரம் மபுட்டோ என்று பையன் ஏற்கெனவே உருப்போட்டது உயிர் பெறும். அவன் மனப்பாடம் வீண் இல்லை, இடம் தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மாநிலங்களுக்கு உங்கள் பர்ஸ் போதும். இப்போதைய நோட்டுகளில் 10 ரூபாயில் ஒடிசாவின் கோனார்க், 20-இல் மகாராஷ்டிராவின் எல்லோரா, 50-இல் கர்நாடகத்தின் ஹம்பி, 100-இல் குஜராத்தின் ராணி கி வாவ் கிணறு, 200-இல் மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சி, 500-இல் தில்லிச் செங்கோட்டை. இந்திய மேப்பை விரித்து ஒவ்வொரு நோட்டையும் அதன் மாநிலத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். நோட்டுகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இனி அரசு. இங்கே பெரும்பாலானோர் குடியரசுத் தலைவரில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். நான் குழாயில் தொடங்கச் சொல்வேன். அதுவும் மதுரையில், வைகையில்.

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக் கடலுக்குப் போகிற ஆறு. அதைக் குறுக்கே மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பியது முல்லைப்பெரியாறு அணை. 1886-இல் அன்றைய சென்னை மாகாணத்துக்காகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை போட்டார்கள். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் முடிந்தது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. மேப்பில் அணை இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில். ஆனால் அணையைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாடு.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி: "அவங்க இடத்துல நம்ம அணை எப்படி? சண்டை வராதா?" வந்தது. அணை பழசு, பாதுகாப்பில்லை, புதிது கட்ட வேண்டும் என்று கேரளா சொல்கிறது; பலப்படுத்தியாகிவிட்டது, உறுதியாக இருக்கிறது என்று தமிழ்நாடு சொல்கிறது. நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தி 2006-இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் போட்டது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2014-இல் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லி, 142 அடி வரை தேக்கலாம் என்றது. கண்காணிக்க ஒரு குழுவும் அமைத்தது. இரண்டு மாநிலத்தின் நியாயத்தையும் சொல்லுங்கள், நம் பக்கத்தை மட்டும் அல்ல. இந்த ஒரு கதைக்குள் மலையும் மழையும் ஆறும் எல்லையும் இருக்கின்றன; சட்டமன்றம், மாநில அரசு, நீதிமன்றம் மூன்றும் இருக்கின்றன. கேரளா வேறு நாடு இல்லை என்பதும் இங்கேதான் விளங்கும்: ஒரே நாட்டுக்குள் இருப்பதால்தான் இருவருக்கும் பொதுவாக ஒரு நீதிமன்றம் இருக்கிறது. விடுமுறையில் மூணாறு போகும் வழியில் கம்பம் பக்கமாகச் சுற்றிப் போனால் லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து அந்தத் தண்ணீர் குழாய்களில் மின்நிலையத்துக்கு இறங்குவதைக் காட்டலாம்.

ஏன் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று மகள் கேட்டால் தெருக் கிரிக்கெட்டைச் சொல்லுங்கள். மட்டை வைத்திருப்பவனே விதியும் போட்டு, அவனே பேட்டிங்கும் செய்து, அவுட்டா இல்லையா என்றும் அவனே சொன்னால் ஆட்டம் எத்தனை நாள் நடக்கும்? விதி போடுவது சட்டமன்றமும் நாடாளுமன்றமும், நடத்துவது அரசு, அவுட் சொல்வது நீதிமன்றம்.

பிறகு "இது யார் வேலை?" தெருவிளக்கு, குப்பை, குடிநீர்க் குழாய்: மாநகராட்சி. மின்சாரம், அரசுப் பேருந்து, காவல் நிலையம்: மாநில அரசு. ரயில், தபால், பாஸ்போர்ட், ராணுவம்: மத்திய அரசு. பள்ளிக்கூடம் கொஞ்சம் சிக்கல். 1976-இல் நடந்த 42-ஆவது திருத்தத்தில் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது, அதனால் இரண்டு அரசும் சட்டம் போடலாம். இதை எட்டு வயதுக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். கடைத்தெருவுக்குப் போகும்போது கண்ணில் பட்டதைக் காட்டி "யாருது?" என்று கேட்டால் அவனுக்குப் போதும்.

மகளுக்கு ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். ஒன்றில் தேர்தலில் வந்தவர்கள், மற்றதில் நியமிக்கப்பட்டவர்கள். நம் வார்டு கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவருக்கும் நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 234 எம்.எல்.ஏ.க்களில் பெரும்பான்மையின் ஆதரவு யாருக்கோ அவர் முதலமைச்சர். 543 பேர் கொண்ட மக்களவையில் பெரும்பான்மையின் ஆதரவு இருப்பவர் பிரதமர். அந்த 543-இல் தமிழ்நாட்டின் பங்கு 39. குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். கலெக்டர், போலீஸ் கமிஷனர், தாசில்தார் எல்லாம் அடுத்த பத்தி: பெரும்பாலும் தேர்வெழுதி வந்தவர்கள் அல்லது பதவி உயர்வு பெற்றவர்கள், ஆட்சி மாறினாலும் வேலை போகாது, இடம்தான் மாறும். தேர்தலில் வந்தவர்களை ஐந்து ஆண்டில் நாம் மாற்றலாம், மற்றவர்களை நாம் மாற்ற முடியாது என்று அவள் தானாகவே சொன்னால் பாடம் முடிந்தது.

ஒன்றில் கவனம் வேண்டும். வீட்டில் எந்தக் கட்சி என்பது பிள்ளைக்கு எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் பாடத்தில் பதவி முதலில் வரட்டும், ஆள் பிறகு. "முதலமைச்சர் யார்?" என்பதற்கு முன்னால் "முதலமைச்சர் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது?" என்று கேளுங்கள்.

தாத்தா பாட்டி கிராமத்தில் இருந்தால் மே 1 அன்று அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போலவே அன்றும் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடும். பேச உரிமை வாக்காளர்களுக்குத்தான். பிள்ளைகள் ஓரமாக நின்று பார்க்கலாம். ஊர்க்காரர் ஒருவர் எழுந்து நின்று, சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று தலைவரைக் கேட்பதை ஒரு முறை பார்த்த பிள்ளைக்கு மக்களாட்சி என்ற சொல்லை விளக்க வேண்டியிருக்காது.

ஆன்லைன் வகுப்பு இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. அவனிடம் இல்லாதது தகவல் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு குளோப், ஒரு நல்ல பள்ளி அட்லஸ், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் இந்தியா, தமிழ்நாடு, உலகம் மூன்றின் அவுட்லைன் மேப்புகளில் பத்துப் பத்துத் தாள் வாங்குங்கள். மகளுக்கு ஆறாம் வகுப்பு அரசுப் பாடநூலே உள்ளாட்சி பற்றி நன்றாகச் சொல்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். குளோப் வாங்கும்போது காஷ்மீர், அருணாசலப் பிரதேச எல்லைகளைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டில் அச்சான குளோப்களில் அங்கே புள்ளிக்கோடும் வேறு நிறமும் இருக்கும். பள்ளித் தேர்வில் நம் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தின்படிதான் குறிக்க வேண்டும். ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எல்லை பற்றி நாடுகளுக்குள் ஒப்புதல் இல்லாத இடம் இது, அதனால்தான் படங்கள் மாறுகின்றன என்று மகளுக்குச் சொல்லுங்கள். பதினொரு வயதில் அது புரியும்.