ஆத்தா ஏன் ப்ளக்கைப் பிடுங்குகிறார்?

கேள்வி: என் ஆத்தாவுக்கு வயது 76. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக ஊருக்கு வர முடியவில்லை. போன வருஷம் பேசும் ரோபோ ஒன்று வாங்கி அனுப்பினேன். மாத்திரை நேரம் சொல்லும், எங்கள் நகரத்தார் பிள்ளையார் நோன்பைக்கூட நினைவுபடுத்தியது, என் குரலிலேயே பேசும். இது பாவம் என்கிறாள் என் தங்கை. மூளையும் ஓர் இயந்திரம்தானே? நாம் முடிவெடுத்ததாக உணர்வதற்கு முன்பே மூளை வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று 1983-லேயே மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் காட்டிவிட்டார். சுயவிருப்பமே மாயை என்றால் என் அன்புக்கும் அதன் அன்புக்கும் என்ன வித்தியாசம்? (ஒரே சிக்கல், தினமும் மாலை ஏழு மணிக்கு ஆத்தா ப்ளக்கைப் பிடுங்கிவிடுகிறார். கம்பெனியில் கேட்டேன், பேட்டரி வைத்த மாடலாக மாற்றித் தருகிறார்களாம்.) நான் செய்வது தவறா?

– பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்: தம்பி, இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் மூளையைப் பற்றி. ஆத்தா ப்ளக்கைப் பிடுங்குவது அடைப்புக்குறிக்குள் இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரு நாள் பிடுங்கினால் கை தவறியது எனலாம். தினமும், அதே நேரத்துக்குப் பிடுங்குகிறார். அதைப் பார்த்த நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? கம்பெனியை. ஆத்தாவைக் கேட்டதாக நாலு பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை. ஏழு மணி அவருக்கு என்ன நேரம் என்று எனக்குத் தெரியாது. சாமிக்கு விளக்கேற்றி உட்காரும் நேரமாக இருக்கலாம். முன்பு நீங்கள் போன் செய்துகொண்டிருந்த நேரமாக இருக்கலாம். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பேசும்போது நடுவில் ஒரு பொம்மை உங்கள் குரலில் குறுக்கிடுவது பிடிக்காமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதது சரி. பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மனிதருக்குச் சுயவிருப்பம் உண்டா என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் தினமும் 'வேண்டாம்' என்று கையால் செய்து காட்டுகிறார். அது உங்களுக்குப் பழுதாகத் தெரிகிறது. பிடுங்கவே முடியாத மாடல் தேடுகிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

லிபெட்டையும் நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். அந்தச் சோதனையில் வந்தவர்கள் செய்ததெல்லாம், தோன்றும்போது மணிக்கட்டை அசைத்ததுதான். அசைவுக்கு ஏறக்குறைய அரை நொடி முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் தொடங்கியது. அசைக்க வேண்டும் என்ற நினைப்பு அவர்களுக்கு வந்தது கடைசி ஐந்தில் ஒரு பங்கு நொடியில். இதுவரை சரி. ஆனால் மிச்சமிருக்கும் அந்தக் கண நேரத்தில் மனிதன் 'வேண்டாம்' என்று நிறுத்திக்கொள்ள முடியும் என்று சொன்னவரும் அதே லிபெட்தான். அப்புறம் 2012-ல் இன்னொரு மூளை ஆய்வாளர் ஆரோன் ஷுர்கரும் அவரோடு வேலை செய்தவர்களும், அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சலாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள். எப்படியானாலும் மணிக்கட்டை அசைப்பது வேறு, தாயைப் பார்க்கப் போகலாமா என்று இரண்டு வருஷம் யோசிப்பது வேறு. உங்களுக்குக் கிடைத்தது அரை நொடி இல்லை.

வித்தியாசம் என்ன என்றீர்கள். நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தபோது மேலாளை அனுப்பினார்கள். மூன்று வருஷக் கணக்கு. முதலாளி இங்கே இருப்பார், மேலாள் அங்கே அவர் பெயரில் கடன் கொடுப்பார், வசூலிப்பார், கையெழுத்துப் போடுவார். ஏமாற்ற நினைத்தால் ஏமாற்றலாம், கடல் நடுவில் கிடக்கிறது. ஏமாற்றாமல் திரும்பி வந்து பேரேட்டை ஒப்படைத்தவரைத்தான் நாணயமானவர் என்றோம். உங்கள் ரோபோவால் ஒரு நாள் ஆத்தா மேல் வருத்தப்பட்டுப் பேசாமல் இருக்க முடியுமா? அலுப்பாக இருந்தும் சரி, பாவம் என்று எழுந்து வந்து உட்கார முடியுமா? ரோபோ என்ற பெயரே செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா'விலிருந்து வந்தது. உங்களால் போகாமல் இருக்க முடியும், இரண்டு வருஷமாக இருந்து காட்டியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஆள் கிளம்பிப் போனால்தான் ஆத்தாவுக்கு அது பெரிசு.

மாத்திரை நேரத்தை அது சொல்லட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் குரலை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. 1966-ல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்று, தட்டச்சு செய்தால் பதில் சொல்லும் ஒரு நிரல் எழுதினார். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய செயலாளரே அதோடு கொஞ்சம் பேசியதும், 'நீங்கள் வெளியே போங்கள்' என்று அவரை அறையிலிருந்து அனுப்பினாராம். பயந்துபோன வைசன்பாம், இயந்திரத்தால் முடிந்தாலும் அதனிடம் விடக்கூடாத காரியங்கள் உண்டு என்று பிற்காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசத் துணையில்லாதவர்கள் எதனோடும் பேசுவார்கள். அது ஆத்தாவுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

நம் முன்னோரும் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடல் கடந்தவர்கள்தானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். போனார்கள். என் ஐயாவும் பினாங்குக்குப் போனவர்தான். ஆனால் அப்பத்தா தனியாக இல்லை. ஒரே வளவு வீட்டில் மூன்று புள்ளிகள், அதாவது மணமான மூன்று ஜோடிகள், வேறு வைத்துத் தனித்தனி அடுப்பு. ஒருவர் வீட்டுக் குழம்பு கொதித்தால் மற்றவருக்குத் தெரியும். இன்றைக்கு அந்த அறைகளுக்கெல்லாம் பூட்டு. நடுவில் ஆத்தா ஒருத்தர். இதற்கு முன்னோரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். தங்கை எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கும் இதே பதில்தான்.

நோன்பை நினைவுபடுத்தியது என்று பெருமையாக எழுதினீர்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21-ம் நாள் என்பது ஆத்தாவுக்குத் தெரியாதா? அன்றைக்கு யார் கையால் இழை எடுத்துக்கொண்டார்? மாவில் திரி வைத்து ஏற்றிய அந்த இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதற்கு எதிரே ஒரு கை வேண்டும். நீங்கள் வயிற்றில் இருந்தபோது ஆத்தா இரண்டு இழை எடுத்திருப்பார், ஒன்று தனக்கு, ஒன்று உங்களுக்கு. முகம் தெரியாத பிள்ளைக்கும் ஓர் இழையை எண்ணி வைத்தவர் அவர்.

அடுத்த நோன்பு வரை காத்திருக்க வேண்டாம். அங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம். அப்புறம் காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. புது மாடலுக்கு எடுத்து வைத்த பணத்தில் டிக்கெட் போடுங்கள். போனதும் ஏன் பிடுங்குகிறீர்கள் என்று விசாரணை நடத்தாதீர்கள். மாலை ஆறரைக்கு ஆத்தா எங்கே உட்காருகிறாரோ அங்கே, போனை உள்ளே வைத்துவிட்டு, நீங்களும் உட்காருங்கள். ஏழு மணி ஆகட்டும்.