பொருத்தனைக்காக இன்னொரு கடன் வாங்கலாமா?

கேள்வி: சபையின் புதிய ஆலயத்துக்காக எங்கள் ஐந்து மாத வருமானத்தைப் பொருத்தனை செய்து (கடவுளுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டு), தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டோம். 18 சதவீத வட்டி, 5 வருடத் தவணை. இப்போது இரண்டாம் கட்டத்துக்கு மூன்று மாத வருமானம் தரச் சொல்கிறார்கள். என் கணவரின் அண்ணன்தான் கட்டடக் குழுச் செயலாளர், அதனால் மறுக்க முடியவில்லை. கிரெடிட் கார்டிலும் ஒரு மாத வருமானம் அளவுக்குப் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி. அம்மாவின் மருந்துக்கு அனுப்பி வந்ததை நிறுத்திவிட்டேன். தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) நிறுத்தப் பயமாக இருக்கிறது. ஒன்றரை மாத வருமானம் வைப்பு நிதியில் இருக்கிறது. அதை உடைப்பதா, இருக்கும் கடனின்மேல் கூடுதலாக டாப்-அப் கடன் வாங்குவதா? சபையில் ஒருவர், ஏதோ காயினில் போட்டால் மாதம் 5 சதவீதம் கிடைக்கும் என்கிறார். – கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி

பதில்: சகோதரி, தசமபாகத்தை நிறுத்தச் சொல்வேனோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. சொல்ல மாட்டேன். தசமபாகம் வருமானத்தோடு ஏறும், வருமானத்தோடு இறங்கும். கடன் வாங்கிச் செலுத்திய பொருத்தனை அப்படியில்லை. வேலை போனாலும் தவணைத் தேதி வந்து நிற்கும்.

மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி வீட்டுச் செலவு 77, தசமபாகம் 10, கடன் தவணை ஏறக்குறைய 13. அதோடு 100 தீர்ந்தது. கார்டுக்குக் குறைந்தபட்சம் 5 கட்ட வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? கார்டிலிருந்தே. ஒரு புதுப் பொருள்கூட வாங்காமல், இன்றைய 100 பாக்கி அடுத்த வருடம் 140ஐத் தாண்டிவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஆலயத்துக்குப் போனது 500. 60 மாதத்தில் நீங்கள் வங்கிக்குக் கட்டப்போவது சுமார் 760. காணிக்கை என்று நினைத்துக் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கியின் வட்டி. அந்த 13ஐ மாதாமாதம் நேராகக் கட்டட நிதியில் செலுத்தியிருந்தால் 40 மாதத்துக்குள் 500 முடிந்திருக்கும். அண்ணனுக்கு அவசரம் இருந்திருக்கலாம். அந்த அவசரத்துக்கு வட்டி கட்டுவது நீங்கள்.

ஆகவே டாப்-அப் வேண்டாம். அது தவணையில் இன்னும் 8 ஏற்றும். வைப்பு நிதியை உடையுங்கள், ஆனால் பொருத்தனைக்காக அல்ல. முதலில் கார்டு பாக்கி 100ஐ மொத்தமாக அடைத்துவிடுங்கள். மாதம் 3 சதவீதம் தின்னும் கடனை வைத்துக்கொண்டு வைப்பு நிதியைப் பொத்திப் பாதுகாப்பதில் அர்த்தமே இல்லை. மீதி 50 அவசரத்துக்கு இருக்கட்டும். அதன்பின் வரவும் செலவும் சரிக்குச் சரி. அம்மாவுக்கு அனுப்பி வந்தது 4 என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் செலவில் அதை ஒதுக்குவதுதான் இந்த மாத வேலை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரம் கட்டடக் குழுக் கூட்டங்களில் வாசிக்கப்படுவதே இல்லை.

பிரசங்கி 5:4ஐ எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள்: பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே. சரி, முதல் பொருத்தனையைச் செலுத்திவிட்டீர்கள். இரண்டாவதற்கு அடுத்த வசனத்தை வாசியுங்கள். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது. லேவியராகமம் 27:8 இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறித்த மதிப்பைச் செலுத்த முடியாத ஏழை வந்து நின்றால், அவனுடைய திராணிக்கேற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும். நியாயப்பிரமாணமே தள்ளுபடிக்கு இடம் வைத்திருக்கும்போது கட்டடக் குழு கறாராக நிற்பது வேடிக்கைதான்.

காயின் விஷயம். மாதம் 5 சதவீதம் என்றால் கூட்டிப்போட்டால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 80. அது உண்மையானால் அவர் வங்கியில் 18 சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தானே சம்பாதிப்பார், ஆராதனை முடிந்ததும் வாசலில் உங்களைப் பிடிக்க மாட்டார். ஜெபத்தோடு ஆரம்பித்த திட்டம் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

‘பணம் தராவிட்டால் சபைக்கு நாங்கள் எதற்கு’ என்று கேட்டிருக்கிறீர்கள். மத்தேயு 25இல் எஜமான் தன் வேலைக்காரரிடம் பணத்தை ஒப்படைத்த உவமையில், ஐந்து தாலந்து (பெரிய தொகை) வாங்கியவனும் இரண்டு தாலந்து வாங்கியவனும் எஜமானிடமிருந்து பெற்றது ஒரே பாராட்டைத்தான். உங்கள் தொழிலே கணக்கு. எருசலேமுக்குப் போகும் தர்மப்பணத்தில் யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்று பவுலே கூட வேறு சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). கட்டட நிதியின் ரசீதுப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டித் தருகிறேன் என்று போதகரிடம் சொல்லுங்கள். சிமெண்டுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று விசுவாசிகள் பார்க்கட்டும். அதை அண்ணன் வேண்டாம் என்றால், அந்தப் பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் அல்ல. பலர் முன்னால் வேண்டாம், வீட்டில் வைத்து. ‘கடன் முடியும்வரை தசமபாகம் மட்டும்தான்’ என்று சொன்னால் போதும், காரணங்களை அடுக்க வேண்டியதில்லை. டாப்-அப் விண்ணப்பத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் கணக்கில் ஏறுமுன் வங்கிக்கு எழுத்தில் ரத்து கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான நகலை வாங்கி வையுங்கள்.