சன்னலைத் திறக்கச் சொல்லத் தயங்காதீர்கள்: கேள்வி பதில்

காசநோய்ப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வீட்டிலுள்ள முதியவர்களையும் நோயாளிகளையும் பொது இடங்களுக்கு அழைத்துச் செல்வது பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பீனிக்ஸிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மினிபஸ் டாக்சியில்தான் போய் வருகிறோம். ஜூன், ஜூலைக் குளிரில் யாரும் சன்னலைத் திறக்க விடுவதில்லை. என்ன செய்வது?

தம்பி, பதினைந்து பேர் தோளோடு தோள் இடித்து உட்காரும் வண்டி அது. காசநோயோ ஃப்ளூவோ உள்ள ஒருவர் பேசிக்கொண்டு வந்தாலே போதும். அவர் மூச்சிலிருந்து வரும் நுண்துளிகள் உடனே கீழே விழுந்துவிடுவதில்லை, ஊதுபத்திப் புகைபோல வண்டி முழுக்கப் பரவி மிதக்கும். அதை வெளியேற்றக் காற்றோட்டம் ஒன்றே வழி. 2020-இல் கொரோனா காலத்தில் டாக்சிகளின் இரு பக்கச் சன்னல்களும் குறைந்தது 5 சென்டிமீட்டர் திறந்திருக்க வேண்டும் என்று அரசே விதித்தது. இன்று அதைக் கேட்பாரில்லை, ஆனால் தேவை அப்படியே இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. முன்னால் இடப்பக்கம் ஒன்று, பின்னால் வலப்பக்கம் ஒன்று என்று குறுக்கே திறந்தால்தான் காற்று ஓடும். அம்மாவைச் சன்னலோரம் உட்காரவைத்து, காதை மூடிச் சால்வை போர்த்திவிடுங்கள். வண்டி கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் அவருடைய உடல்நிலையைச் சொல்லிவிடுங்கள். காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று யாராவது முணுமுணுப்பார்கள். சளியைக் கொண்டுவருவது கிருமி, குளிர்காற்று அல்ல. அம்மாவுக்கு என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம் கட்டாயம்.

சாட்ஸ்வொர்த் வாசகி: முகக்கவசம் யார் அணிய வேண்டும்? நோயாளியா, மற்றவர்களா?

இருவரும் அணிந்தால் நல்லது. ஆனால் இருமுகிறவர் அணிவதால் கிடைக்கும் பலனை நம் மக்கள் குறைத்தே மதிக்கிறார்கள். அதை அளந்து காட்டிய ஆய்வு நம் நாட்டிலேயே, விட்பேங்கில் நடந்தது. முடிவுகள் 2012-இல் வெளியாயின. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்கள் தங்கியிருந்த அறைகளின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகள் இருந்த இரண்டு கூடங்களுக்கு அனுப்பினார்கள். கூடத்துக்கு 90 கினிப்பன்றிகள். நோயாளிகள் முகக்கவசம் அணிந்த நாள்களின் காற்று ஒரு கூடத்துக்கும், அணியாத நாள்களின் காற்று மற்றதற்கும் போனது. அணியாத நாள்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 69-க்குத் தொற்று. அணிந்த நாள்களின் காற்றில் 36-க்குத்தான். நோயாளிகள் அணிந்தவை சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசங்கள்தாம், அம்மா! இருமலோடு வெளியே போகிறவர் அதை ஒன்று மாட்டிக்கொள்வது பெரிய சிரமமா? பலவீனமானவர் மட்டும் தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்: காவடித் திருவிழாவுக்கு முதியவர்கள் வரலாமா?

தாராளமாக வரலாம், ஐயா. காவடி ஊர்வலம் திறந்த வெளியில் நடப்பதால் அங்கே ஆபத்து குறைவு. நான் கவலைப்படுவது பஜனை நடக்கும் மண்டபத்தையும் அன்னதானக் கூடத்தையும் நினைத்துத்தான். பாடும்போது மூச்சுத்துளிகள் அதிகமாக வெளியே வரும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காகிட் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு பாட்டுப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா கண்டது.

மண்டபத்தின் எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். ஓர் ஊதுபத்தியை ஏற்றி நடுவில் பிடித்துப் பாருங்கள். புகை ஒரு திசையில் நகர்ந்து வாசலைத் தேடிப் போனால் சரி, நின்ற இடத்திலேயே சுழன்றால் அங்கே காற்று தேங்குகிறது. அந்த இடத்தில் வயதானவர்களுக்கு நாற்காலி போடாதீர்கள். ஸ்பிளிட் ஏர் கண்டிஷனர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. முதியவர்களுக்குச் சாப்பாட்டை வெளிப்பந்தலில் முதல் பந்தியாகப் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும். கருவறை அருகே கற்பூரப் புகையைக் கொஞ்சம் குறையுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் உங்களிடம் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

டோங்காட்டிலிருந்து: கிளினிக் வரிசையில் காலை முழுக்கக் காத்திருக்கிறோம். அங்கேயே தொற்றாதா?

தொற்றும். நம் மாகாணத்து டுகெலா ஃபெரியில் 2005, 2006-இல் கடும் மருந்தெதிர்ப்புக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். பலருக்கு மருத்துவமனையிலேயே தொற்றியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆகவே தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போக அனுமதி கேளுங்கள். இருமுகிறவர்களைத் தனியே உட்காரவைக்கும்படி செவிலியரிடம் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று எண்ணாதீர்கள்.

ஒரு தாய்: என் மகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

ஹெப்பா வடிகட்டி, அதாவது மிக நுண்ணிய துகள்களையும் பிடித்துவைக்கும் வடிகட்டி உள்ளதாக, அறையின் அளவுக்கு ஏற்றதாக வாங்குங்கள், அம்மா. ஓசோன் வெளியிடும் கருவி வேண்டவே வேண்டாம், அது நுரையீரலைக் கெடுக்கும். மின்வெட்டு நேரத்தில் கருவி நின்றுவிடும் என்பதால் சன்னலை மறந்துவிடாதீர்கள். கடைக்கு அழைத்துப் போவதானால் திறந்த உடனே, கூட்டம் சேரும் முன். வீட்டிலுள்ள மற்ற அனைவரும் ஃப்ளூ பருவம் தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு எந்த ஊசி, எப்போது என்பதை அவளுடைய மருத்துவர் சொல்லட்டும்.

வெருலமிலிருந்து: என்95 முகக்கவசத்தைத் துவைத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. அதன் இழைகளில் உள்ள மின்னூட்டம்தான் நுண்துளிகளை இழுத்துப் பிடிக்கிறது, துவைத்தால் அது போய்விடும். கழற்றியதும் காகித உறையில் போட்டு உலரவிட்டு மீண்டும் அணியலாம். மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு விரல்களால் அழுத்தி, மூச்சை விட்டுப் பாருங்கள். கன்னத்தோரம் காற்று கசிந்தாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ சரியாகப் பொருந்தவில்லை. நாடா தளர்ந்துவிட்டால், ஈரமாகிவிட்டால் புதியதை எடுங்கள்.